புல்லை மறந்த வயிறு

வயிறு முட்டப் புல் மேய்ந்த ஆடு பட்டினியால் செத்தது என்று சொன்னால் யாராவது நம்புவார்களா? சாத்தையாவும் நம்பவில்லை. ஆனால் செத்த ஆடு அவர் காலடியில்தான் கிடந்தது. வயிறு பானையாகப் புடைத்திருந்தது. முதுகில் கை வைத்தாலோ எலும்பு குத்தியது.

மழையே இல்லாத வருஷங்களில்கூட அவர் ஆடு இப்படிச் சாகவில்லை. அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. நரிப்பொட்டல் சனங்கள் மழை பொய்த்த வருஷங்களை எண்ணுவதையே விட்டுவிட்டிருந்தார்கள். போன ஐப்பசியில் பெய்தது பாருங்கள் ஒரு மழை! கண்மாய் நிரம்பி மறுகால் பாய்ந்தது. பெரிய மனுஷர்களெல்லாம் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தெருவில் நின்று நனைந்தார்கள். திருப்பூருக்கும் சென்னைக்கும் பிழைக்கப் போனவர்கள் மூட்டை முடிச்சோடு திரும்பி வந்து, நிலத்தை அடைத்துக்கொண்டிருந்த சீமைக் கருவேல மரங்களை இயந்திரம் வைத்து வேரோடு பிடுங்கி எறிந்தார்கள். தை பிறப்பதற்குள் ஊர் பச்சைப்பசேல் என்று ஆகிவிட்டது. புல்லைக் கண்ட ஆடுகள் பித்துப் பிடித்த மாதிரி மேய்ந்தன. அப்படி மேய்ந்த ஆடுகள்தான் இப்போது ஒன்றன்பின் ஒன்றாக விழுந்துகொண்டிருந்தன.

சாத்தையா அந்தக் கிடையின் கீதாரி. பல குடும்பங்களின் செம்மறிகளை ஒரே கிடையாகச் சேர்த்து, ஊர் ஊராக வயலில் பட்டி போட்டு நடத்திக்கொண்டு போகிற தலைவரை அந்தப் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள். கிடையில் ஒரு குட்டி தும்மினாலும் பதில் சொல்ல வேண்டியவர் அவர். எனவே கால்நடை டாக்டர் ஜெசிந்தா ஜீப்பில் வந்து இறங்கி, செத்த ஆட்டின் வயிற்றைக் கிழித்தபோது, எல்லாருக்கும் முன்னால் அவர்தான் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார்.

"பாருங்க ஐயா," என்றார் ஜெசிந்தா. கையுறை போட்ட கையில் ஒரு பிடி புல் இருந்தது. "மேஞ்சது மேஞ்சபடியே இருக்கு. நசுங்கியிருக்கே தவிர ஒண்ணுமே செரிக்கல."

"ஏன் செரிக்கல?"

"செரிக்கிறதுக்கு உள்ள ஆள் இல்ல. ஆட்டுக்குத் தானாப் புல்லைச் செரிக்கத் தெரியாதுங்க ஐயா. அதோட முதல் வயித்துல கண்ணுக்குத் தெரியாத உயிருங்க கோடிக்கணக்கா குடியிருக்கு. அதுங்கதான் புல்லைத் தின்னும். அதுங்க தின்னு மிச்சம் விடுறதுலதான் ஆடு பிழைக்குது. இந்த வயித்துல அந்தக் கூட்டமே இல்ல. வேற கூட்டம் இருக்கு."

"கருவைப்பால்," என்றாள் சாத்தையாவின் மனைவி அங்கம்மா, பின்னாலிருந்து. ஜெசிந்தா தலையைக் குனிந்துகொண்டார்.

கருவைப்பாலைக் கொண்டுவந்ததே ஜெசிந்தாவின் ஆராய்ச்சிக்கூடம்தான். வறட்சி முற்றிய காலத்தில் அந்தப் பூமியில் பச்சையாக நின்றது சீமைக் கருவேலம் ஒன்றுதான். காயை ஆடு தின்னும். இலையில் வாய் வைக்காது. பசி பொறுக்காமல் வைத்தால் கழிந்து சாகும். அந்த இலையின் நஞ்சை முறித்துச் செரிக்கும் நுண்ணுயிர்க் கூட்டம் ஒன்றைக் கண்ணாடிக் குடுவையில் வளர்த்தெடுத்து, வெள்ளையாக ஒரு கரைசலாக்கி, பிறந்த குட்டியின் வாயில் ஊசியில்லாத சிரிஞ்சால் புகட்டினார்கள். கருவைப்பால் என்பது சனங்கள் வைத்த பெயர். அது குடித்த குட்டிகள் கருவை இலையை நறுக்நறுக்கென்று கடித்துத் தின்று, ஊரே காய்ந்து கிடக்கையில் கொழுகொழுவென்று திரிந்தன. ஜெசிந்தா ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டிருந்தார். பால் குடித்த குட்டிகளைத் தனிப் பட்டியில் வைக்க வேண்டும். பழைய ஆடுகளோடு கலக்கக் கூடாது.

தனிப் பட்டியில்தான் வைத்தார்கள். அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கிடைகளில் ஒரு வழக்கம் இருந்தது. தாயில்லாத குட்டியோ, மந்தித்துப்போய் அசைபோடாத ஆடோ இருந்தால், நன்றாக அசைபோடும் ஆடு ஒன்றைப் பிடித்து, அது மென்றுகொண்டிருக்கும் இரையை வாயிலிருந்து விரலால் வழித்தெடுத்து, சீக்கு ஆட்டின் நாக்கில் தடவுவார்கள். இரை எடுப்பது என்பார்கள். யார் ஆடு, யாருக்கு என்ற கணக்கே கிடையாது. பகையாளி வந்து கேட்டாலும் இரை இல்லை என்று சொல்லக் கூடாது. சொன்னால் கிடை விளங்காது. ஒரு பட்டியில் குட்டிகள் துள்ளுகின்றன, பக்கத்துப் பட்டியில் பழைய ஆடுகள் பசியில் காலைப் பின்னிக்கொண்டு நிற்கின்றன. பார்த்துக்கொண்டு எந்த மனுஷன் சும்மா இருப்பான்? இரை எடுத்தார்கள். அடுத்த கிடைக்காரர்கள் வந்து கேட்டார்கள், அவர்களுக்கும் கொடுத்தார்கள். புண்ணியம் என்று நினைத்துத்தான் கொடுத்தார்கள். ஒரு கோடை முடிவதற்குள் அந்தப் பக்கத்தில் கருவை தின்னாத ஆடு இல்லை என்று ஆகிவிட்டது.

"தனியா வைக்கச் சொன்னேனே ஐயா," என்றார் ஜெசிந்தா. குரலில் கோபம் இல்லை, அழுகைதான் இருந்தது.

"வச்சோம் டாக்டரம்மா. இரைதான் எடுத்தோம்."

"அப்படி ஒரு பழக்கம் இருக்குன்னு யாரும் எங்கிட்டச் சொல்லலியே."

"நீங்களும் கேக்கல, நாங்களும் சொல்லல," என்றார் சாத்தையா. "அது கெடக்கட்டும். இப்ப என்ன செய்யிறது? அதச் சொல்லுங்க."

ஜெசிந்தா கையுறையைக் கழற்றினார். "வளர்ந்த ஆடுகளுக்கு ஒண்ணும் செய்ய முடியாது. கருவைக் கூட்டம் பொல்லாத கூட்டம். பழசை அடிச்சு விரட்டிட்டு உக்காந்துடும், அப்புறம் பழசை உள்ள விடாது. ஆத்தோரமா வெட்டாம நிக்கிற கருவையை ஒடிச்சுப் போட்டீங்கன்னா பெரிய ஆடுங்க கொஞ்ச காலம் ஓட்டும். ஆனா பிறக்கப் போற குட்டியோட வயிறு காலி வீடு மாதிரி. முதல்ல யார் குடி வர்றாங்களோ அவங்களுக்குத்தான் வீடு. தாய் நக்குறதுக்கு முந்தி, புல்லுத் தின்கிற பழைய ஆட்டோட இரையைக் குட்டி வாயில தடவி, பெரிய ஆடுங்க எச்சில் படாமத் தனியா வளத்துட்டா, அந்தக் குட்டி புல்லுத் தின்னு பிழைச்சுக்கும்."

கிடையில் இருந்த பெட்டை ஆடுகள் எல்லாம் சினை. இன்றைக்கா நாளைக்கா என்று மடி இறங்கி நின்றன. இந்த ஈற்றுக் குட்டிகளும் கருவை வயிற்றோடு பிறந்தால், கருவையே அற்றுப்போகிற ஊரில் அவை எதைத் தின்னும்? இந்தக் குட்டிகளோடு கிடை முடிந்தது. சாத்தையாவுக்கு அது நன்றாகப் புரிந்தது. சுற்றி நின்றவர்களுக்கும் புரிந்தது.

"கருவைப்பாலே படாத மந்தை எங்கயாச்சும் இருக்கா?" என்று கேட்டார் ஜெசிந்தா. "சுத்துப்பட்டு எல்லாம் தேடிட்டேன். ஒரு நாலு ஆடு இருந்தாக்கூடப் போதும்."

எல்லார் கண்ணும் சாத்தையாவின் மேல் வந்து நின்றன. கடைசியில் அங்கம்மாதான் சொன்னாள்.

"இருக்கு டாக்டரம்மா. இவுக தங்கச்சிகிட்ட இருக்கு. இவுக புண்ணியத்துல இருக்கு."

சாத்தையாவின் தங்கை பூமயில், அவர் தோளில் தூக்கிச் சுமந்து வளர்த்தவள். ஆழ்துளைக் கிணறு தோண்டும் வண்டியோடு ஊருக்கு வந்த சவரிமுத்து என்பவனை அவள் கட்டிக்கொண்டாள். அவன் காலனியில் பிறந்தவன். அவ்வளவுதான் அவன் செய்த குற்றம். கிடை கூடி அவளைத் தள்ளி வைத்தது. அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டியவர் கீதாரி. சாத்தையா சொன்னார். அவனை விட்டுவிட்டு வந்தால் கிடையில் இடம் உண்டு என்றும் சேர்த்துச் சொன்னார். பூமயில் தன் பங்கு ஆடுகளை ஓட்டிக்கொண்டு புருஷனோடு கடற்கரைப் பக்கம் போய்விட்டாள்.

அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. வறட்சியில் அவள் ஒருநாள் திரும்பி வந்தாள். கருவைப்பால் குட்டிகளைப் பற்றிக் கேள்விப்பட்டு, சாகப் போகிற ஒரு குட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு, அந்த வெயிலில் நடந்து வந்து கிடை ஓரத்தில் நின்றாள். "எனக்கு ஒண்ணும் வேணாம்ணே. இதுக்கு ஒரு வாய் இரை எடுத்துக் குடு," என்றாள். பகையாளிக்கும் இல்லை என்று சொல்லாத இரை. சாத்தையா முகத்தைத் திருப்பிக்கொண்டார். சுற்றி நின்ற ஆண்கள் மீசையைத் தடவிக்கொண்டார்கள். கண்மாய்க் கரையைத் தாண்டுவதற்குள் குட்டி அவள் இடுப்பிலேயே செத்துவிட்டதாக அங்கம்மா பிற்பாடு சொன்னாள். அதற்கப்புறம் வெகு காலம் அங்கம்மா புருஷனுக்குச் சோறு போட்டாளே தவிர, முகம் கொடுத்துப் பேசவில்லை.

"நான் போய்க் கேட்டு வாங்கிட்டு வர்றேன்," என்றார் ஜெசிந்தா.

"இல்ல," என்றார் சாத்தையா. "இல்லேன்னு சொன்னவன் நான். நான்தான் கேக்கணும்."

ஜெசிந்தா மருந்துச் சோப்பு கொடுத்துத் தலையோடு குளிக்கச் சொன்னார். புது வேட்டி, புதுச் செருப்பு. இந்தக் கிடையின் எச்சில் ஒரு சொட்டுக்கூட அந்த ஆடுகள் மேல் படக் கூடாது, நீங்கள் அவற்றைத் தொடவே கூடாது என்று ஒன்றுக்கு இரண்டு தடவை சொல்லி, கையில் ஒரு வெந்நீர்க் குடுவையைக் கொடுத்தார். ஆறிப்போனால் இரையில் இருக்கும் உயிர்கள் செத்துவிடுமாம்.

கடற்கரைக்குப் போகிற பஸ்ஸில் சாத்தையா குடுவையை மடியில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் காறித் துப்பினால்? துப்பட்டும், துடைத்துக்கொள்ளலாம். இல்லை என்று சொல்லிவிட்டால்? அதைத்தான் அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

மணல்மேட்டில் பனைமரங்களுக்கு நடுவே ஓலைக் குடிசை. எதிரே கடல். மணலில் படர்ந்த அடம்பங்கொடிக்கும், முள்ளுமுள்ளாகச் சிலிர்த்து நிற்கும் இராவணன் மீசைப் புல்லுக்கும் நடுவே சின்னதாக ஒரு மந்தை படுத்திருந்தது. கொழுப்பு என்று ஒன்றும் இல்லாத ஆடுகள். ஆனால் எல்லாம் வாயைக் கோணிக் கோணி அசைபோட்டுக்கொண்டிருந்தன. சாத்தையா அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். தன் கிடையில் அந்தக் காட்சியைப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று!

பூமயில் வெளியே வந்தாள். நரைத்திருந்தாள். அண்ணனை மேலும் கீழும் பார்த்தாள்.

"மதினி நல்லா இருக்கா?" என்றாள்.

"இருக்கா."

"தண்ணி குடிக்கிறியா?"

அவள் கேட்ட விதத்தில், வேண்டாம் என்று சொல்லுவார் என்று எதிர்பார்த்தது தெரிந்தது. சாத்தையா கையை நீட்டினார். சொம்பை வாங்கி அண்ணாந்து குடித்தார். தண்ணீர் உப்புக் கரித்தது. குடித்து முடித்ததும், நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். ஆடு சாவதை, கிழித்துப் பார்த்ததை, டாக்டரம்மா சொன்னதை, பிறக்கப் போகிற குட்டிகளை. அவளிடம் இரை வாங்கிச் செல்ல வந்திருப்பதைக் கடைசியில், குடுவையை நீட்டிக்கொண்டு சொன்னார்.

பூமயில் ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. குத்திக் காட்டியிருந்தால்கூட அவருக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். "இந்தாருங்க, அந்தச் செவலையப் பிடிங்க," என்று புருஷனைக் கூப்பிட்டாள். சவரிமுத்து வந்து ஆட்டின் தாடையைப் பிடிக்க, அவள் விரலை விட்டு இரையை வழித்துக் குடுவையில் இட்டாள். பச்சையாக, நுரைத்துக்கொண்டு, புளிச்ச வாடையோடு இருந்தது. ஓர் ஆடு முடிந்து அடுத்த ஆடு, அதற்கடுத்தது. குடுவை நிறைகிறவரை அவள் நிமிரவில்லை.

"நெறைஞ்சிருச்சுண்ணே. ஆறிப்போறதுக்குள்ள ஓடு," என்றாள்.

சாத்தையாவால் ஓட முடியவில்லை. அந்த மணலில் அப்படியே உட்கார்ந்து துண்டை வாயில் பொத்திக்கொண்டு அழுதார். "கையில குட்டியோட வந்தவள நிக்கவச்சுத் தொரத்துனேனே, நானெல்லாம் மனுசனா?" என்று அரற்றினார். சவரிமுத்துவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. எட்ட நின்று, "விடுங்க மச்சான், விடுங்க," என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் சாத்தையா அதைச் சொன்னார். யோசித்துச் சொல்லவில்லை. நெஞ்சு நிரம்பி வழிந்ததில் தானாக வந்தது.

"காலையில கெளம்பி வந்துரு பூமயிலு. ஆட்ட ஓட்டிக்கிட்டு, மாப்பிள்ளையக் கூட்டிக்கிட்டு வந்துரு. ஒன் எடத்துல பட்டி போட்டுக்க. எவன் கேக்குறான்னு பாக்குறேன்."

"நெசமாவாண்ணே?"

"நெசமா."

"கிடைக்குள்ளயா?"

"கிடைக்குள்ளதான்."

அவள் சிரித்தாள். சிறுபிள்ளையில் பார்த்த சிரிப்பு. அதைப் பார்த்த சந்தோஷத்தில் சாத்தையாவுக்கு டாக்டரம்மா சொன்னது எதுவும் நினைவில் இல்லை. எச்சில் படக் கூடாது என்றதைத் தன் வேட்டிக்கும் கைக்கும் சொன்னதாகத்தான் அவர் எடுத்துக்கொண்டிருந்தார். பஸ் ஏறியபோது மனசு பஞ்சாக இருந்தது.

அந்தியில் கிடையில் ஒரே அமளி. முதல் ஆடுகள் குட்டி போட ஆரம்பித்திருந்தன. ஈன்ற ஈரத்தோடு குட்டியைத் தாய் நக்குவதற்கு முன்னால் இழுத்துத் துணியில் சுற்றிக்கொண்டு போய், ஜெசிந்தா இரையைச் சாறு பிழிந்து நாக்கில் தடவினார். சீம்பாலைக்கூடக் கறந்து, காய்ச்சி ஆற்றித்தான் கொடுத்தார்கள். குட்டியைக் காணாத தாய்கள் தரையை மோந்து மோந்து கத்தின. நக்குவதற்கு நாக்கை நீட்டிக்கொண்டு நிற்கிற ஆட்டை அடித்து விரட்டுவது எவ்வளவு பாவம் என்று அன்றைக்கு எல்லாருக்கும் தெரிந்தது. அங்கம்மா முந்தானையால் மூக்கைச் சிந்தியபடியே விரட்டினாள். குடுவை காலியானதும், மறுநாள் காலையில் வருவதாகச் சொல்லி ஜெசிந்தா ஜீப்பில் ஏறிவிட்டார்.

அவர் போன பிறகுதான் சாத்தையா கிடையைக் கூட்டி விஷயத்தைச் சொன்னார். சிலர் முகம் சுருங்கியது. ஆனாலும் அவள் கொடுத்த இரை குட்டிகளின் வாயில் இன்னும் காயவில்லை. எதிர்த்துப் பேச யாருக்கும் நாக்கு வரவில்லை. அங்கம்மா மட்டும் புருஷனைப் பார்த்து, "இத்தனை வருசம் கழிச்சு இன்னிக்குத்தான் மனுசன் மாதிரி இருக்கீக," என்றாள். அவருக்கு அது போதும்.

காலையில் ஜெசிந்தா வந்தபோது சாத்தையா கருவைக் கொப்புகளை ஒடித்துப் போட்டு, பெரிய ஆடுகளுக்கு ஊட்டிவிட்டுக்கொண்டிருந்தார். இரவு பிறந்த குட்டிகள் தனிப் பட்டியில் நன்றாக இருப்பதைப் பார்த்து ஜெசிந்தாவின் முகம் தெளிந்தது. "பிழைச்சுக்கும் ஐயா," என்றார். அப்போது கிழக்கே பார்த்தவர், கண்ணைச் சுருக்கினார்.

"யார் ஆடு அது? இங்கே எதுக்கு வருது?"

வரப்புகளுக்கு அப்பால் ஒரு சின்ன மந்தை வந்துகொண்டிருந்தது. முன்னால் பூமயில். ஊதாப் பட்டுச் சேலை கட்டி, தலையில் பூ வைத்திருந்தாள். பின்னால் சவரிமுத்து சட்டி பானைகளையும் பாயையும் தலையில் சுமந்துகொண்டு வந்தான். விடியும்வரை பொறுக்காமல், குடிசையைக் காலி செய்துவிட்டு இரவோடு இரவாக நடந்து வந்திருக்கிறார்கள்.

"என் தங்கச்சி டாக்டரம்மா!" என்றார் சாத்தையா பெருமையாக. "கிடைக்கு வந்துரச் சொல்லிட்டேன்."

ஜெசிந்தாவின் முகம் செத்துவிட்டது. "ஐயோ, என்ன காரியம் பண்ணினீங்க! அந்த ஆடுங்க இங்க ஒரு வாய் தண்ணி குடிச்சாப் போச்சு. உங்க ஆடுகளுக்குத் தொத்தின மாதிரியே அதுக்கும் தொத்திடும். அப்புறம் புல்லுத் தின்கிற வயிறு எங்கயுமே இருக்காது. உங்க கிடை மட்டும் இல்ல, எல்லாக் கிடைக்கும் இனிமே அந்த மந்தைதான் விதை. நிறுத்துங்க ஐயா, ஓடுங்க!"

"எப்ப வரலாம்?" என்று கேட்டார் சாத்தையா.

"இங்க இருக்கிற பெரிய ஆட்டுல கடைசி ஆடு சாகிற வரைக்கும் கூடாது. இன்னிக்குக் குட்டியா இருக்கிறதெல்லாம் பெருசாகி, சுத்தமா ஒரு மந்தை ஆகணும். உங்க காலத்துல நடக்குமான்னு எனக்குச் சொல்லத் தெரியல."

சாத்தையா ஓடினார். கடைசி வரப்பில் போய்க் குறுக்கே கையை விரித்துக்கொண்டு நின்றார்.

"பூமயிலு! நில்லு! உள்ள வராத!"

பூமயில் நின்றாள். முகத்தில் இருந்த சிரிப்பு என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே இருந்தது. "என்னண்ணே?"

"கோவிச்சுக்காத தாயி. நீ வரக் கூடாது. ஒன் ஆடு எங்க ஆட்டோட கலக்கக் கூடாதாம். கலந்தா ஒன்னோடதும் கெட்டுப்போயிருமாம். டாக்டரம்மா சொல்றாக."

"நேத்து வரச் சொன்னியே."

"தெரியாமச் சொல்லிட்டேன்."

அவள் அண்ணனுக்குப் பின்னால் பார்த்தாள். கிடைக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து வரிசைகட்டி நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களில் வெள்ளைச்சாமி என்று ஒரு கிழட்டுப் பங்காளி. டாக்டரம்மா சொன்னது எதுவும் அவர் காதில் ஏறவில்லை. கீதாரி கையை விரித்து நிற்பது மட்டும் கண்ணில் பட்டிருந்தது. மனுஷனுக்கு உற்சாகம் தாங்கவில்லை.

"அப்படிச் சொல்லுடா ராசா! கிடைன்னா ஒரு கட்டுப்பாடு வேணாமா? கண்டவனும் வந்து பட்டி போடுறதுக்கு இதென்ன சத்திரமா?"

"வாய மூடுய்யா!" என்று சாத்தையா திரும்பிக் கத்தினார். ஆனால் அது பூமயிலின் காதில் விழுந்தாகிவிட்டது.

"ஓகோ," என்றாள் அவள்.

"இல்ல பூமயிலு, அந்தக் கிழட்டுப் பயலுக்குப் புத்தி கெட்டுப்போச்சு. நான் சொல்றது அதில்ல. இது வயித்துக்குள்ள இருக்குற பூச்சி சமாச்சாரம். சத்தியமாச் சொல்றேன்."

"முன்ன சாதின்னு சொன்ன. இப்பப் பூச்சின்னு சொல்ற. பரவால்லண்ணே, படிச்சவுக சகவாசத்துல நல்லாப் பேசப் படிச்சுருக்க."

"வேணும்னா ஆட்ட மட்டும் அங்க விட்டுட்டு நீ வா. நீயும் மாப்பிள்ளையும் குளிச்சுட்டு வாங்க, ஒண்ணும் தப்பில்ல."

"குளிச்சுட்டு வரணுமா?" என்று கேட்டது சவரிமுத்து. அவன் அதுவரை பேசவே இல்லை. தலைச்சுமையோடு அப்படியே நின்றுகொண்டிருந்தான். சாத்தையா நாக்கைக் கடித்துக்கொண்டார். அந்தச் சொல்லை அந்த மனுஷனிடம் வேறு எந்த விதமாகச் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. அவரும்தானே நேற்று மருந்துச் சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு அங்கே போனார்! அதை இப்போது யாரிடம் போய்ச் சொல்ல?

ஜெசிந்தா மூச்சு வாங்க ஓடி வந்தார். "அம்மா, ஐயா சொல்றது உண்மை. நான்தான் சொல்லச் சொன்னேன்..."

"நீங்கதான் சொல்லச் சொல்லியிருப்பீங்க, இல்லன்னா அண்ணன் சொல்லி நீங்க சொல்லுவீங்க. எனக்கு எல்லாம் ஒண்ணுதான்மா," என்றாள் பூமயில். குரலை உயர்த்தவே இல்லை. "இரை வேணும்னா வந்து வாங்கிக்கலாம். இரை மேல ஒண்ணும் தீட்டு இல்ல. இரை கொடுத்த ஆடு உள்ள வந்தாத்தான் தீட்டு. அதானே?"

அவள் சொன்னது ஒவ்வொரு வார்த்தையும் உண்மையாகவும் இருந்தது, பொய்யாகவும் இருந்தது. டாக்டரம்மாவின் படிப்பில் அதைப் பிரித்துக் காட்ட ஒரு வழி இருந்திருக்கலாம். ஆனால் சாத்தையா சொன்னால் நம்புவதற்கு ஒரு காரணம் வேண்டுமே. அவரை நம்புவதற்கு அவர் அவளுக்கு என்ன காரணம் கொடுத்து வைத்திருந்தார்?

அங்கம்மா பின்னாலிருந்து, "பூமயிலு, நான் சொல்றேன் கேளு," என்று கூப்பிட்டாள். பூமயில் அவளைப் பார்த்துத் தலையசைத்தாள். போதும் மதினி என்பது போல இருந்தது. பிறகு இடுப்பிலிருந்த முந்தானையை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். தலையிலிருந்த பூ ஒன்று கழன்று தோளில் விழுந்தது. அவள் கவனிக்கவில்லை.

"குட்டிங்க என்ன பாவம் செஞ்சுச்சுங்க," என்றாள். "எப்ப வேணும்னாலும் யாரையாச்சும் அனுப்பு. எடுத்துத் தர்றேன். எவன் கிடைக்கு வேணும்னாலும் தர்றேன். இல்லேன்னு சொல்ல எனக்கு வராது." ஆடுகளைத் திருப்பிவிட்டுக்கொண்டே சொன்னாள். "நீ மட்டும் வராதண்ணே."

மந்தை வந்த வழியே திரும்பியது. வரப்பைத் தாண்டி ஓர் எட்டு வைத்தால் அவள் கையைப் பிடித்துவிடலாம். கையைப் பிடித்து, காலில் விழுந்து, நம்புகிறவரைக்கும் கதறலாம். ஆனால் விடிந்ததிலிருந்து கருவை தின்னும் ஆடுகளின் வாயிலும் எச்சிலிலும் கிடந்த கை அது. செவலை ஆடு அவரை மோந்து பார்க்கக் கழுத்தை நீட்டிக்கொண்டு கிட்டத்தில் வந்தது. சாத்தையா சட்டென்று இரண்டு எட்டுப் பின்வாங்கி, கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

பின்னால் காலடிச் சத்தம் கேட்டுப் பூமயில் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். தன் ஆடு மேலே பட்டுவிடாமல் கீதாரி ஒதுங்கி, கையைக் கட்டிக்கொண்டு நிற்பது அவளுக்குத் தெரிந்தது.